இரண்டு பதிப்பகத்துக்கும் சரி சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், மலேசியாவில், செனாயில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் வாசலைத் தாண்டிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். வாசல் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தது. ஆனால் எனக்குப் பின்னால் ஒரு பெண் தான் எழுதிய கதையை வாசித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிறுமி தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் இடம். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் என்னால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை.

"அலமாக்! அண்ணே, பெக்டரி அங்க போவுது!" என்று ஒருவர் கத்தினார். வண்டி முழுக்கச் சிரிப்பு. அடுத்த வளைவு வரை போய்த் திரும்பி வர ஏழு நிமிடம் ஆனது. சூப்பர்வைசரிடம் நல்ல வசவு வாங்கினேன்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து செனாய்க்குத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுவதுதான் என் வேலை. அப்போதே பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததோடு என் படிப்பு முடிந்தது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். ஓட்டுநர் வேலை பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நாற்பது பேர் வண்டியில் இருந்தாலும் அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

படிப்பு நின்றாலும் படிக்கும் பழக்கம் நிற்கவில்லை. காலை ஆட்களை இறக்கி, இரவு வேலை முடிந்தவர்களை வீட்டில் விட்டுத் திரும்பினால், சாயங்காலம் வரை வண்டி சும்மாதான் நிற்கும். அந்த நேரத்தில் ஞாயிறு பத்திரிகைக் கதைகள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவல்கள் என்று எது கிடைத்தாலும் படிப்பேன்.

கதை எழுதிய அந்தப் பெண், நான் தங்கையாக நினைப்பவர், தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஓய்வு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து கெட்டி அட்டை போட்ட நோட்டில் எழுதுவார். மறுநாள் காலை பேருந்தில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் முன் இருக்கைகளுக்கு வந்துவிடுவார்கள். மலாய்க்கார அக்கா ஒருவர் கூட, வாசித்து முடித்ததும் "லாலு மாச்சாம் மானா?" என்று பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிக் கேட்பார். அப்புறம் என்ன ஆனது என்று அவருக்கு மலாயில் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

கதை இதுதான். ஒரு பெண் தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வீடு திரும்பும்போது மகள் தூங்கிவிடுகிறாள். மகள் எழுந்திருக்கும்போது அம்மா கிளம்பிவிட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான். பாதி நாவல் அந்தச் சீட்டுகளாகவே இருந்தது. முடிவில் அம்மா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் மகள் வேறு மாநிலத்தில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போய்விட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டும் இல்லை. அத்துடன் கதை முடிகிறது.

அந்த முடிவை வாசித்த காலையில் வண்டியில் பெரிய சண்டையே நடந்தது. பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். யாரையும் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. எல்லோரும் அவரைப் பேக்கிங் அக்கா என்றே கூப்பிடுவோம்.

"ஏய், ஒரு சீட்டாச்சும் ஒட்டுடி. உன் காசா போகுது? பேப்பருதான!" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒட்ட மாட்டேன்க்கா."

"கல்லு நெஞ்சு லா உனக்கு."

எல்லோரும் இறங்கிய பிறகு அந்தத் தங்கை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இத என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்ன பண்றது? அலமாரில வெப்பேன். அங்க ஏற்கனவே ரெண்டு கெடக்குது, இது மூணாவது."

பதினாறு வருடத்துக்கு முன்பு ஒருவர் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று அவரிடமிருந்து ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு போனாராம். நோட்டும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அதன் பிறகு எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாராம்.

"நான் வேணும்னா கேட்டுப் பாக்கவா?" என்றேன்.

"அண்ணே, நீங்க 'எறங்குங்க'ன்னு சொல்றதுக்கே வெக்கப்படறவரு. யாருகிட்ட போயி கேப்பீங்க?"

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் இரண்டு நாள் கழித்து நோட்டைக் கொண்டு வந்து என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மழ தண்ணி படாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்து நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்கே தோன்றியது. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டேன். வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு விரலால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம். நாலு மாதம் ஆனது. அடித்ததை அவருக்கு அனுப்புவேன். மறுநாள் காலை ஏறும்போதே, "அண்ணே, ஒரு வரிய முழுங்கிட்டீங்க" என்பார்.

அப்படி அடிக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஏழாவது, எட்டாவது அத்தியாயங்களில் என் விரல் அடிக்கடி நின்றது. சிங்கப்பூர் முதலாளியைப் பற்றியே பக்கம் பக்கமாகப் போயிற்று. நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், "இந்த இரண்டு அத்தியாயத்திலும் மகளைக் காணோம். எனக்கு அவளைத் தேடுது" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு அத்தியாயத்தையும் ஒன்றாக்கி எழுதிக்கொண்டு வந்தார். முன்பிருந்ததை விட எவ்வளவோ நன்றாக இருந்தது.

யாருக்கு அனுப்புவது என்றும் தெரியாது. வீட்டில் இருந்த மலேசியப் புத்தகங்களை எல்லாம் எடுத்து, முதல் பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரியைப் பார்த்தேன். இந்த மாதிரிக் கதை போடுகிறவர்கள் யார், கவிதை மட்டும் போடுகிறவர்கள் யார் என்று பிரித்தேன். கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். ஜொகூர் பாருவில் ஓர் அம்மா அச்சகமும் எழுதுபொருள் கடையும் வைத்துக்கொண்டு வருடத்துக்கு மூன்று நான்கு புத்தகம் போடுகிறார். கோலாலம்பூரில் இருப்பது பெரிய பதிப்பகம். இருவருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கதை என்ன, எழுதியவர் யார், அவர் எண் என்ன, நான் ஏன் இதை அனுப்புகிறேன் என்று மட்டும். அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்குப் பதினொரு முறை ஆனது. இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதைக் கடிதத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லித் தரவும் ஆள் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஜொகூர் பாரு அம்மா கூப்பிட்டார். "ரெண்டு தடவ படிச்சிட்டேன். நாங்க போடறோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். நான் சரிங்கம்மா என்றேன். அன்று சாயங்காலம் வண்டியில் கறிபாப் பலகாரம் வாங்கிப் பங்கு போட்டோம். மலாய்க்கார அக்கா எழுந்து நின்று கை தட்டினார். அந்தத் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தில் கோலாலம்பூர்க்காரரும் கூப்பிட்டார். வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்ற குரல். "தம்பி, இந்த வருசம் நாங்க போடற முக்கியமான புஸ்தகம் இதுதான். வேலைய ஆரம்பிச்சிடலாமா?" என்றார்.

இதை ஏற்கனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மனதுக்குள் முழு வாக்கியமும் தயாராக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"சரிங்கய்யா" என்றேன்.

கைப்பேசியை வைத்த நொடியே செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். இப்படி ஒன்பது நாள் போனது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. தானாக ஏதாவது நடந்து சரியாகிவிடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

பத்தாவது நாள் கோலாலம்பூர் பதிப்பகம் முகநூலில் அறிவிப்புப் போட்டுவிட்டது. விரைவில் வெளிவருகிறது என்று புத்தகத்தின் பெயர், எழுதியவரின் பெயர், எல்லாம் பெரிய எழுத்தில். அதை ஜொகூர் பாரு அம்மா பார்த்துவிட்டார். கடிதத்தில் எழுத்தாளரின் எண்ணையும் கொடுத்திருந்தேன். அந்த அம்மா எனக்குக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தங்கையைக் கூப்பிட்டு, ஒரே கதையை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏமாற்றுகிற எழுத்தாளரின் புத்தகம் எனக்கு வேண்டாம், இதை நாலு பேருக்கும் சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் கோலாலம்பூர்க்காரரும் விஷயம் தெரிந்து, உங்கள் தகராறைத் தீர்த்துக்கொள்ளும்வரை நாங்களும் நிறுத்தி வைக்கிறோம் என்று தங்கைக்கே செய்தி அனுப்பிவிட்டார்.

எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் வழக்கம்போல் வண்டியை வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன். அந்தத் தங்கை ஏறினார். தன் இடத்தில் உட்காராமல் என் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னீங்களா?"

வண்டியில் எல்லோரும் இருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏண்ணே?"

ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினாறு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் நோட்டத்தான் எடுத்துக்கிட்டுப் போனான். என் பேரு என்கிட்டயே இருந்துச்சு" என்றார். பிறகு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்கப் பேக்கிங் அக்காகூட யாரையும் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை சிம்பாங் ரெங்கத்தில் கடைசி ஆளும் ஏறிய பிறகு நான் வண்டியை எடுக்கவில்லை. எழுந்து, இருக்கைகளைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அப்படி நின்றதில்லை.

"ஐயோ, அண்ணன் திரும்பிட்டாரு! டயர் பஞ்சரா?" என்றார் பேக்கிங் அக்கா.

"இல்லக்கா. ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நேத்து நடந்ததுல இவங்க தப்பு ஒண்ணுமில்ல. இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டாவதா கூப்பிட்டவருகிட்ட இல்லன்னு சொல்ல எனக்குப் பயம். சரின்னுட்டேன். அப்புறம் ஒன்பது நாளு மறச்சேன். நாளைக்கு லீவு போட்டுருக்கேன். ரெண்டு பேர்கிட்டயும் போயி நேர்ல சொல்லப் போறேன்."

நான் உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். செனாயில் இறங்கும்போது அந்தத் தங்கை படியில் நின்றார். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"அண்ணே, யாரு என்ன கேட்டாலும் 'அவங்களக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். அதையாச்சும் சொல்ல வருமா?"

"வரும்."

"எங்க, சொல்லுங்க."

"அவங்களக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"சத்தமா."

பின்னால் நாற்பது பேர் இறங்கக் காத்திருக்கச் சத்தமாகச் சொன்னேன். அன்று முழுவதும் வண்டியைத் தனியாக ஓட்டிய நேரமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மறுநாள் கடை திறந்ததும் ஜொகூர் பாருவில் போய் நின்றேன். அந்த அம்மா யாருடைய அறிக்கைக்கோ சுருள் கம்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்ன பிறகும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எங்கேயும் திக்காமல் சொன்னேனா என்றால், இல்லை. ஆனால் எதையும் விடாமல் சொன்னேன்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவங்க வேல செய்யற பெக்டரிக்கு பஸ் ஓட்டறேன்."

"பஸ் ஓட்டறவருக்கு இதுல என்ன வேல? ஏஜெண்டா நீங்க?"

வெளிநாடுகளில் எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேச முகவர் என்று ஒருவர் இருப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் கேள்விப்பட்டதெல்லாம் காப்புறுதி ஏஜெண்டு, வீடு விற்கும் ஏஜெண்டுதான். ஆனாலும் சொன்னேன். "அவங்களுக்காகப் பேச ஒரு ஆள் இல்லம்மா. நான் பேசறேன்னு வாங்கிட்டு வந்தேன். பேச வேண்டிய நேரத்துல பேசாம இருந்துட்டேன். அதுக்கு அவங்களத் தண்டிக்காதீங்க."

அவர் கம்பி போடுவதை நிறுத்தினார். உள்ளே போய் அச்சடித்த தாள்களைக் கொண்டு வந்து வைத்தார். அந்த நாவலைப் பக்கம் பக்கமாக அமைக்கும் வேலையே முடிந்திருந்தது.

"சரி. அந்தக் கோலாலம்பூர்க்காரரு தனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா நான் போடறேன். ஆனா ஒண்ணு. கடைசியில அந்த வெறும் ஃபிரிட்ஜ் வேணாம். மக எழுதுன ஒரே ஒரு சீட்டு இருக்கட்டும். படிக்கறவங்க மனசு ஆறும். பள்ளிக்கூட நூலகத்துக்கும் குடுக்கலாம். சரின்னு சொல்லுங்க, இன்னைக்கே மிச்ச வேலைய ஆரம்பிச்சிடறேன்."

நான் வந்ததே மன்னிப்புக் கேட்க. காலில் விழாத குறை. புத்தகம் மறுபடியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு சரி போதும். என் வாய்க்கு நன்றாகப் பழகிய வார்த்தை அது ஒன்றுதான்.

"அவங்களக் கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா, நான் அவங்ககிட்ட வேணாம்னுதாம்மா சொல்வேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"அந்தப் புள்ள கத முழுக்க எழுதிக்கிட்டே இருந்துச்சு. அம்மாவுக்குப் படிக்க நேரம் இல்ல. அம்மாவுக்கு நேரம் வந்தப்ப எழுத ஆளு இல்ல. ஒரு சீட்டு ஒட்டுனா, அவங்க இத்தன வருசம் தவற விட்டது ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும்மா."

ஒரு கதையைப் பற்றி இவ்வளவு பேச எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

வேலை நேரத்தில் அந்தத் தங்கையின் கைப்பேசி லாக்கரில் இருக்கும். சாப்பாட்டு மணி வரை கடைக்கு வெளியே நின்றேன். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டேன். கேண்டீன் இரைச்சலுக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுட்டுச் சொல்றேன்னேன். என்னக் கேட்டா வேணாம்னும் சொன்னேன்."

"புஸ்தகமே வராம போனாலுமா?"

"அது உங்க புஸ்தகம். நீங்கதான் சொல்லணும்."

"மாத்த மாட்டேண்ணே. வராட்டி போவுது. மாத்த மாட்டேன்."

உள்ளே போய் அப்படியே சொன்னேன். அந்த அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மொதல்ல அவர முடிச்சிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

அன்று மதியமே லார்க்கின் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறிக் கோலாலம்பூர் போனேன். இன்னொருவர் ஓட்டும் பேருந்தில் உட்கார்ந்து போவது எனக்கு வேதனை. ஒவ்வொரு வளைவிலும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பதிப்பகம் ஒரு மாடி அறையில் இருந்தது. கணீர்க் குரல்காரர் நான் நினைத்ததை விடக் குள்ளமாக இருந்தார். அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, போன்லயே இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூணு விநாடி ஆகுமா?" என்றார்.

"எனக்கு ஒன்பது நாள் ஆகியும் வரலங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். திட்டாமல் விடவில்லை. அட்டை வரைய ஆள் வைத்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இனி எங்களை யார் நம்புவார்கள் என்று நியாயமாகத்தான் திட்டினார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். முடித்த பிறகு அறிவிப்பை என் கண் முன்னாலேயே முகநூலிலிருந்து எடுத்தார். முதலில் கேட்டவர்களுக்கே உரிமை என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் எழுந்தபோது கேட்டார்.

"அவங்க வேற ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?"

அலமாரியில் இரண்டு கிடக்கிறதே! இருக்குங்கய்யா, அடுத்த வாரமே கொண்டு வரேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அவங்களக் கேட்டுட்டுச் சொல்றேங்கய்யா."

"பரவால்லையே!" என்றார்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்தத் தங்கை பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தார், ஆனால் எதுவும் வாசிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கூப்பிட்டார்.

"கடைசி அத்தியாயம் அப்படியே போவுது. நானும் நாலு தடவ சீட்டு வெச்சுப் பாத்துட்டேன், பொருந்தல. ஆனா அட்ட நான் சொல்றதுதான்."

"அவங்களக் கேட்டு..."

"தெரியும், தெரியும். கேட்டுட்டே சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வண்டியில் நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மலாய்க்கார அக்காவுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தம் எழுதும் நாளில் அந்தத் தங்கை, முகவர் என்று இவர் பெயரையும் போடுங்கள், இவர் பங்கையும் எழுதுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். நான் மறுத்தேன். "இப்ப மட்டும் நல்லா இல்லன்னு சொல்ல வருதே!" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நூல் வெளியீடு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்தது. முதலாளியிடம் கேட்டு அதே பேருந்தில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர்களை இறக்கிவிட்டு நான் வண்டியிலேயே இருந்துகொண்டேன். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. பாதி விழாவில் பேக்கிங் அக்கா பட்டுப்புடவையோடு ஓடி வந்தார்.

"அண்ணே, மேடைக்குக் கூப்புடறாங்க. நீங்க வரல, நாங்க எல்லாரும் சேந்து பஸ்ஸத் தள்ளிக்கிட்டே உள்ள போயிருவோம்."

போனேன். பொன்னாடை போட்டார்கள். அந்தத் தங்கை ஒலிவாங்கியில், "எல்லாரும் இவர டிரைவருன்னு நெனைக்கறீங்க. டிரைவருதான். ஆனா இவரு என் முகவரு. புஸ்தகம் வராம போனாலும் பரவால்ல, முடிவ மாத்த வேணாம்னு எனக்காக நின்னவரு" என்றார். மண்டபமே கை தட்டியது. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஆனால் தலை குனியாமல் இறங்கினேன். என் மனைவி அதைக் கவனித்து வீட்டுக்கு வந்து சொன்னார்.

இன்றும் அதே வழியில் அதே வேலைதான் செய்கிறேன். வண்டி நிற்கும் நேரத்தில் இப்போது நான்கு பேருடைய எழுத்தைப் படித்து, குறிப்பு எழுதி, பொருத்தமான பதிப்பகம் தேடிக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் கிடந்த இரண்டில் ஒன்று கோலாலம்பூரில் அச்சில் இருக்கிறது. சிகாமட்டிலிருந்து ஒரு செவிலியர் தன் கதைகளை அனுப்பிவிட்டு, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். எழுதியவரை விட ஒரு தடவை கூடுதலாக அந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்று பதில் எழுதினேன். வேறென்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கென்று ஏதாவது கேட்க வேண்டுமானால் இன்னமும் வியர்க்கிறது; ஆனால் ஒருவர் என்னை நம்பிக் கொடுத்த பக்கங்களுக்காக யார் முன்னால் வேண்டுமானாலும் நின்று பேசுவேன் என்று அந்த வருடம் தெரிந்துகொண்டதை, ஆறாம் ஆண்டோடு நின்றுபோன என் படிப்பின் மீதியாகவே நினைத்துக்கொள்கிறேன்.